குடத்தின் ‘கும்’ எந்த ஸ்பீக்கரில் உண்மையாகக் கேட்கும்? 5 இன்ச் ஸ்டூடியோ மானிட்டர் வாங்கப் போகிறேன்

வில்லடி_நெல்லை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

கொடை விழாக்களில் பாடும் வில்லுப்பாட்டுக் குழுக்களை எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்துப் பதிவு செய்து, மிக்ஸ் பண்ணிக் கொடுக்கிறேன். அவர்கள் யூடியூபில் போடுவார்கள், பென் டிரைவில் ஏற்றி மைக் செட்டுக்கும் கொடுப்பார்கள். ஆறு வருடமாக ஒரே ஹெட்போன். அதன் காது மெத்தையை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

பிரச்சினை குடம், தாளத்துக்கு மட்டையால் அடிக்கும் பானை. வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் சிலிர்ப்பது, உடுக்கை, ஜால்ரா எல்லாம் எனக்குக் கைக்கு அடங்கிவிடுகின்றன. குடம் மட்டும் அடங்காது. ஹெட்போனில் அளவாக இருக்கும். மாமா காரில் போட்டால் கதவு அதிரும். வீட்டு டிவியில் போட்டால், குடம் வாசிப்பவர் அன்றைக்கு வரவே இல்லையோ என்று தோன்றும். போன ஆடிக் கொடைக்குப் பதிவு செய்த புலவர் ஒருவர் கேட்டே விட்டார்: “தம்பி, குடத்துக்காரருக்கு முழுச் சம்பளம் கொடுத்திருக்கேன். அவர் வாசிச்சதை எங்க வச்சிருக்கீங்க?”

அதனால் ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவு. போன வாரம் ஒரு கடைக்குப் போனேன். மர அலமாரியில் ஐந்தாறு ஜோடிகளை அடுக்கி வைத்து, பட்டனைத் தட்டித் தட்டி மாற்றிக் காட்டினார்கள். கேஆர்கே ராக்கிட் 5 போட்டதும் ஆஹா என்றிருந்தது. ஆடம் டி5வி போட்டதும் வில்லு மணி பளிச்சென்று முகத்துக்கு முன்னால் வந்தது. யமஹா எச்எஸ்5 போட்டதும் எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் இங்கே பலரும் எச்எஸ்5-ஐத்தான் சொல்கிறீர்கள். எனக்குக் காது சரியில்லையா, அல்லது ‘பிளாட்’ (எதையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது) என்றால் சப்பென்றுதான் இருக்குமா?

பட்ஜெட் ஸ்டாண்டும் கேபிளும் சேர்த்து 45,000. அறை 10 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ், ஒரு மூலையில் அம்மாவின் பீரோ. சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதனால் மேஜையை இப்போதே அறையின் நடுவுக்கு இழுத்துவிட்டேன்.

எச்எஸ்5, டி5வி, ராக்கிட் 5, ஜேபிஎல் 305பி. எதை எடுக்கலாம்?


மஞ்சள்_கூம்பு:

ராக்கிட் எடுங்கள் ப்ரோ. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பேஸ் அள்ளும்.


மைக்செட்:

நீங்கள் எதை வாங்கினாலும் பாட்டு கடைசியில் எங்கள் குழாய் ஸ்பீக்கரில்தான் போகும். குழாயில் குடம் எப்போதும் ‘டொக்’. ‘கும்’ கிடையாது. அதையும் மனதில் வையுங்கள்.


மாடியறை_மதுரை:

மேலே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி, அது நல்ல யோசனைதான். நான் மூடிப் பார்த்தவன்.

என் வேலை அரங்கேற்றப் பதிவுகள். நட்டுவாங்கம், மிருதங்கம், ஒரு பாட்டு, சமயத்தில் வயலின். உங்களுக்குக் குடம் போல எனக்குத் தொப்பி. இடது பக்கம் ரவையைப் பூசிக்கொண்டு வாசிப்பார்களே, அந்த அடிச்சத்தம் என் மிக்ஸில் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. இரண்டு வருடம் முன்பு, நண்பர்களிடம் கெஞ்சி எச்எஸ்5, டி5வி, ராக்கிட் 5 ஜி4 மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தேன். அதற்கு முன்பு ராக்கிட்டை ‘டீஜே டப்பா’ என்று இதே இடத்தில் பல முறை கிண்டல் செய்திருக்கிறேன், தேடினால் கிடைக்கும்.

முதலில் சத்தத்தைச் சமப்படுத்தினேன். இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண். ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்லாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அதோடு, சத்தம் குறையும்போது மற்ற பகுதிகளை விட அடிச்சத்தம் நம் காதுக்கு வேகமாகக் குறையும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வளைவு போட்டுக் காட்டிய விஷயம் அது. பிங்க் நாய்ஸ் (அடி முதல் உச்சம் வரை எல்லாம் கலந்த ‘ஷ்’ சத்தம்) ஓடவிட்டு, நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் போனை நீட்டி, மீட்டர் ஆப்பை, அடிச்சத்தத்தையும் சேர்த்து அளக்கும் ‘சி’ வெயிட்டிங்கில் வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக 76 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். போன் காட்டும் எண் தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. ஒரே போன் என்பதால் வித்தியாசம் சரியாகத் தெரியும். பின்பக்கக் குமிழ்கள் எல்லாம் நடுவில் இருந்தபோது இரண்டு ஜோடிகளுக்கு இடையே 4 டெசிபல் வித்தியாசம் இருந்தது! கடையில் யாராவது இதைச் சரிசெய்துவிட்டா பட்டனைத் தட்டினார்கள்?

அப்புறம் ஸ்பீக்கர்கள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு பழைய மல் வேட்டியைக் குறுக்கே கட்டினேன். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் என் இன்டர்பேஸில் நான்கு அவுட்புட் உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு ஜோடியை இணைத்து, என் மனைவியை மவுஸில் உட்கார வைத்தேன். அவர் தாயம் உருட்டி மாற்றுவார், நான் தாளில் எழுதுவேன். முதலில் எச்எஸ்5-உம் டி5வி-யும். வெறும் குரலை வைத்து 20 சுற்று: 15 முறை சரியாகச் சொன்னேன். எச்எஸ்5-இல் குரலின் நடுப்பகுதி ஓர் அடி முன்னால் வந்து நிற்கிறது, மூக்கடைப்பு இருந்தால் அதுவும் சேர்ந்து வந்து நிற்கிறது. டி5வி-யில் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் நுனி தெரிகிறது. அதன் ட்வீட்டர் (உச்சச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) குவிமாடம் இல்லை, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான தகடு. மடிப்புகள் விரிந்து சுருங்கிக் காற்றைப் பிதுக்கித் தள்ளும்.

சரி, தொப்பியை மட்டும் வைத்து 20 சுற்று. 11 முறை சரி. காசு சுண்டிப் போட்டாலே பத்து வரும்.

ராக்கிட்டையும் சொல்லிவிடுகிறேன். அதன் பின்னால் ஒரு குட்டித் திரை இருக்கும், அதில் பேஸையும் டிரெபிளையும் கூட்டிக் குறைக்க 25 விதமான ஈக்யூ. எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, சத்தத்தையும் சமப்படுத்திய பிறகு அந்த ‘ஆஹா’ பாதி காணாமல் போனது. மீதி இருந்தது ஒழுங்கான ஸ்பீக்கர். அதை இரண்டு முறை எச்எஸ்5 என்று எழுதிக் கொடுத்தேன். மனைவி அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். இதெல்லாம் என் காதின் கோளாறு மட்டும் இல்லை. ஜேபிஎல்லின் தாய் நிறுவனமான ஹார்மனில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சொந்த ஊழியர்களையே உட்கார வைத்து, ஸ்பீக்கரைக் காட்டியும் மறைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். 1994இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது விழுந்த மதிப்பெண்கள், மறைத்தபோது இடம் மாறின. ஸ்பீக்கர் செய்யும் கம்பெனியிலேயே அந்தக் கதை.

இனி உங்கள் குடம். தொப்பியில் மூன்று ஜோடியும் ஏன் ஒரே மாதிரி இருந்தன என்றால், நான் கேட்டுக்கொண்டிருந்தது ஸ்பீக்கரை இல்லை, அறையை. உங்கள் அறைக்குக் கணக்குப் போடுகிறேன். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 11 அடி என்பது 3.35 மீட்டர். இரண்டு சுவருக்கும் இடையே அது முட்டி மோதி நிற்கும் முதல் இடம் 52 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 57. உயரமும் 10 அடி, அதற்கும் 57. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. கிட்டத்தட்ட கனசதுரம், இருப்பதிலேயே மோசமான வடிவம் அதுதான். அடுத்த படி இரட்டிப்பு: 104, 114, 114. செங்கல்லும் கான்கிரீட்டும் இந்த ஒலிகளை அதிகம் வெளியே விடாது, பெரும்பாலும் திருப்பி அனுப்பும்.

அறையின் நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் படியான 52, 57 அங்கே செத்துப்போகும். இரண்டாம் படியான 104, 114 அங்கேதான் வீங்கும். இதற்கு மைக், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் வந்ததும் ஒரு டோன் ஜெனரேட்டரில் 104 ஹெர்ட்ஸைச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நடந்து பாருங்கள். நான் அப்படி நடந்தபோது, இரண்டு எட்டு வைத்ததும் யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல் சத்தம் போய்விட்டது. இன்னும் இரண்டு எட்டில் திரும்ப வந்து, சுவரோரம் பரணில் இருந்த எவர்சில்வர் டப்பா பாட ஆரம்பித்தது. 30,000 ரூபாய்க்கு ஸ்பீக்கரை மாற்றினால் கிடைக்காத வித்தியாசம் நாலு எட்டில் கிடைத்தது.

அந்த 3 அடி விஷயம்: தயவுசெய்து மேஜையைத் திரும்பத் தள்ளுங்கள். ஸ்பீக்கரின் அடிச்சத்தம் பின்னாலும் போய், சுவரில் பட்டுத் திரும்பி வரும். கூம்புக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலையின் கால் பங்காக இருக்கும் இடத்தில், போனதும் வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 3 அடிக்குக் கணக்குப் போட்டால் 95 ஹெர்ட்ஸ். உங்கள் குடம் எங்கே நிற்கிறது என்று தெரியாது, ஆனால் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கூம்பு சுவரிலிருந்து 1 அடியில் இருந்தால் அந்தப் பள்ளம் 286-க்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் பெட்டியே ஒலியை முன்பக்கம் திருப்ப ஆரம்பிப்பதால் பள்ளமும் அவ்வளவு ஆழமாக இருக்காது. பின் ஓட்டைக்கு 3 இன்ச் மூச்சுவிட இடம் இருந்தால் போதும். சுவர் அருகில் வருவதால் பேஸ் கூடும். அதற்குத்தான் எச்எஸ்5-இன் பின்னால் ‘ரூம் கண்ட்ரோல்’ இருக்கிறது, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். நாற்காலியை, முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவர்) காது 4 அடி 2 இன்ச்சில் வருமாறு போடுங்கள். அது தொடக்கம்தான், அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம்.

ஒரு கேள்வி. கடையில் எந்த ஸ்பீக்கர் எந்தத் தட்டில் இருந்தது? ட்வீட்டரும் அடிச்சத்தம் தரும் வூஃபரும் கைமாறும் இடம் எச்எஸ்5-இல் 2 கிலோஹெர்ட்ஸ். அங்கே அலையின் நீளம் 17 சென்டிமீட்டர். காது ட்வீட்டர் உயரத்தில் இல்லாமல் ரொம்ப மேலேயோ கீழேயோ இருந்தால், இரண்டுக்கும் தூரம் மாறி, அந்த இடத்தில் ஒன்றையொன்று விழுங்கும். குரலுக்கு உயிர் இருக்கும் இடம் அது. மூலைத் தட்டில் இருந்ததற்கு பேஸ் இலவசம்.

முட்டை அட்டை பல்லிக்கு வீடு, அவ்வளவுதான். பிரித்துவிடுங்கள். அந்தக் காசுக்கு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) வாங்கி, 4 இன்ச் கனத்தில் சட்டம் அடித்துத் துணி கட்டி மூலைகளில் நிறுத்துங்கள். ஏசி டக்ட் வேலை செய்பவர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கேபிள், இரைச்சலைக் குறைக்கும் பேலன்ஸ்ட் டிஆர்எஸ்ஸாக இருக்கட்டும். ரீங்காரம் வந்தால் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கச் சொல்லி ஒரு புத்திசாலி வருவார், அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.


பொறியாளன்_ஓசூர்:

எல்லாம் சரி சார், வேட்டி டிரெபிளைக் குறைக்காதா? டி5வி-க்கு அநியாயம் இல்லையா?


மாடியறை_மதுரை:

நியாயமான கேள்வி. வேட்டியை ஒற்றையாக வாயருகே பிடித்து ஊதிப் பார்த்தேன், மூச்சு தாராளமாகப் போனது. இரட்டையாக மடித்தபோது தடுத்தது, அதனால் ஒற்றை. மூன்றுக்கும் அதே வேட்டிதான். கரை மட்டும் ட்வீட்டருக்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டேன். கரை தடிப்பு.


டப்பிங்_அக்கா:

மதுரைக்காரர் அறையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் குரலைப் பற்றிச் சொல்கிறேன். 2009லிருந்து சாலிகிராமத்தில் டப்பிங்கும் பாட்டும் பதிவு செய்யும் வேலை.

நான் சேர்ந்த இடத்தில் ஒரு ஜோடி என்எஸ்-10 இருந்தது. வெள்ளைக் கூம்பு. 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று யமஹா செய்த ஸ்பீக்கர், ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2001இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். கேட்க இனிமையே இருக்காது. ட்வீட்டர் குத்துகிறது என்று அதன் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிய காலமும் உண்டு, எங்கள் ஜோடியில் அந்தப் பசைத்தழும்பு இருந்தது. ஆனால் அதில் சரியாக அமைந்த குரல் வெளியில் எங்கே போனாலும் நிற்கும். எச்எஸ் வரிசையின் வெள்ளைக் கூம்பு அதன் சாயல்தான், அதைப் பார்த்து அதே ஸ்பீக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். என்எஸ்-10 மூடிய பெட்டி, தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். எச்எஸ்-க்குள் ஆம்ப் இருக்கிறது, பின்னால் ஓட்டை இருக்கிறது.

இது உங்கள் குடத்துக்கு முக்கியம், தம்பி. மூடிய பெட்டியில் அடிச்சத்தம் சீக்கிரம் நின்றுவிடும். ஓட்டை வைத்த பெட்டி, ஓட்டை பாடும் சுருதிக்குப் பக்கத்தில், அடி நின்ற பிறகும் கொஞ்சம் இழுக்கும். குடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்கிறீர்கள், அது எப்போது நிற்கிறது என்பதையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு காட்டன் சாக்ஸைச் சுருட்டி ஓட்டையில் வைத்து, சின்னச் சத்தத்தில் கேளுங்கள். பேஸ் குறையும், ஆனால் நிற்கும் இடம் தெரியும். கேட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

8 இன்ச் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். எச்எஸ்5-க்கு யமஹா கொடுக்கும் கணக்கு 54 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது 10 டெசிபல் விழுந்த இடம். 3 டெசிபல் மட்டும் விழும் இடம் 74. மற்றவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று சின்ன எழுத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உங்கள் குடம் 90-க்கு மேலே இருந்தால் நீங்கள் கேட்ட நான்கில் எதற்கும் அது எட்டும். பதிவைத் திறந்து ஸ்பெக்ட்ரத்தில் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) எங்கே முகடு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

டிவியில் குடம் இல்லை என்பது ஸ்பீக்கர் வாங்கினால் தீராது. அந்த டிவிக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்கு 100 ஹெர்ட்ஸ் வராது. நீங்கள் குடத்தின் ட்ராக்கில் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டு, 200, 300 என்று அதன் மடங்குகளை எழுப்பிவிட்டால், அடிச்சுருதியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். அப்புறம் மட்டை படும் ‘டக்’ 1, 2 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், அதைக் கொஞ்சம் தூக்குங்கள். மைக்செட் அண்ணன் சொன்ன குழாய்க்கும் அதுதான் வழி.

ஒப்பிடும்போது ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். ஸ்டீரியோவில் விரிவு வந்து குறையை மூடிவிடும். டூல் செய்த சோதனைகளிலும் ஒற்றைப் பெட்டியில்தான் ஆட்கள் வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடித்தார்கள்.

கடைசியாக, வில்லுப்பாட்டு கதை சொல்லும் கலை. சொல் புரியாமல் குடம் மட்டும் இடித்து என்ன பயன்? குரல் எதில் பொய் சொல்லாமல் வருகிறதோ அதை எடுங்கள்.


மஞ்சள்_கூம்பு:

நான் சொன்ன ராக்கிட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.


வில்லடி_நெல்லை:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் இரண்டு கொடை.

மதுரை அண்ணா, கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்டதே சரி. எச்எஸ்5 அடித்தட்டில், என் முழங்கால் உயரத்தில். ராக்கிட் சுவர் மூலையில். ஆடம் மட்டும் முகத்துக்கு நேரே. குனிந்து எச்எஸ்5-க்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன், குரல் வந்துவிட்டது. கடைக்காரப் பையன் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று அவனும் குனிந்தான்.

அக்கா சொன்னபடி ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் குழுக்களில் இரண்டு குடங்கள்தான் அதிகம் வரும். ஒன்று 98, இன்னொன்று 112. அண்ணா போட்ட 95, 104, 114 கணக்கைப் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நடு அறையில் மேஜையைப் போட்டு ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் ஒரு குடம் காணாமல் போயிருக்கும், இன்னொன்று வீங்கியிருக்கும். குடத்துக்காரர்களிடம் சண்டை போட்டிருப்பேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பனிடம் எச்எஸ்5, நாகர்கோவிலில் ஒருவரிடம் டி5வி. இரண்டையும் ஒரு நாளைக்கு வாங்கி வந்தேன். என் காதை நம்பாமல், அந்தப் புலவரையே வரச்சொல்லி உட்கார வைத்தேன். வேட்டி கட்டினேன், அவருடையதையே ஒன்று கொடுத்தார். சத்தத்தைச் சமப்படுத்தி, ஒற்றை ஸ்பீக்கரில் அவர் குரலைப் போட்டேன். முதலாவதைக் கேட்டுவிட்டு, “இதில நான் மூக்கால பாடுறேன்” என்றார். இரண்டாவதைக் கேட்டு, “இதில என் பல்செட் தெரியுது” என்றார். மாற்றி மாற்றி ஆறேழு முறை போட்டேன், மூக்கையும் பல்லையும் அவர் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. எதை வாங்கட்டும் என்று கேட்டேன். “மூக்கு தெரியுறதை வாங்கு. பல்லை நான் பாத்துக்கிடுதேன்.”

எச்எஸ்5 வாங்கியாகிவிட்டது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள முன்சுவரிலிருந்து 3 இன்ச், ரூம் கண்ட்ரோல் மைனஸ் 2, ட்வீட்டர் காது உயரத்தில். 4 அடி 2 இன்ச்சில் தொடங்கி, இப்போது 4 அடியில் உட்காருகிறேன். 104 ஹெர்ட்ஸ் போட்டுவிட்டு நடந்தபோது அம்மாவின் பீரோவுக்குள் வளையல் பெட்டி ஆடியது, அதைத் துணி சுற்றி வைத்தாயிற்று. முட்டை அட்டையைப் பிரித்தபோது பின்னால் நிஜமாகவே பல்லி முட்டை. ராக்வுல் இரண்டு மூலைக்குத்தான் காசு இருந்தது, மற்ற இரண்டில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன். 114 இன்னும் கொஞ்சம் வீங்குகிறது. அது தெரிந்துவிட்டதால், 112 குடம் வரும் நாளில் என் காதிலிருந்து ஒன்றரை டெசிபல் கழித்துக்கொள்கிறேன்.

மாமா காரில் கதவு அதிரவில்லை. டிவியில் குடம் ‘கும்’ என்று வராவிட்டாலும் ஆள் வந்திருக்கிறார் என்று தெரிகிறது. சாச்சுரேஷன் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். மைக்செட் அண்ணா, ஒரு பென் டிரைவ் அனுப்பட்டுமா?


மைக்செட்:

வந்தது. நேற்று ராத்திரி பந்தலில் ஆள் வருவதற்கு முன்பு நாலு குழாயிலும் போட்டேன். குடம் ‘டொக்’தான். ஆனால் புளியமரத்தடி வரைக்கும் எண்ணிப் பார்க்கிற மாதிரியான ‘டொக்’. சாச்சுரேஷனை லேசாகக் குறைக்கலாம், உடுக்கையோடு உரசுகிறது.